சுடும் கனெக்டர், தெறிக்கும் பொறி: ஆர்.சி. கார் பேட்டரி இணைப்பை அறிகுறி பார்த்துச் சரிசெய்தல்

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலுமாக ரிமோட்டில் ஓடும் ஆர்.சி. கார் வைத்திருப்பவர்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். கார் பாதியில் நின்றால் முதலில் மோட்டாரைத் திட்டுவார்கள், அடுத்தது பேட்டரி. புதுப் பேட்டரி வாங்கிப் போட்டும் அதே கோளாறு தொடர்ந்தால்தான் எங்கள் வீட்டு மாடிப்படி ஏறுவார்கள். நான் அப்போது மோட்டாரையும் பார்ப்பதில்லை, பேட்டரியையும் பார்ப்பதில்லை. இரண்டுக்கும் நடுவில் அழுக்கேறிக் கிடக்கும் கனெக்டரைத்தான் முதலில் கையில் எடுப்பேன்.

“எந்தக் கனெக்டர் நல்லது அண்ணா?” என்று பையன்கள் கேட்பார்கள். கார் காட்டும் அறிகுறியைப் படித்தால் அது தெரிந்துவிடும். பாதி நேரம் புதுக் கனெக்டரே தேவைப்படாது. பழையதை ஈயம் வைத்து ஒழுங்காகப் பற்றவைத்தாலே கார் பழைய வேகத்துக்கு வந்துவிடும்.

தொடங்கும் முன் ஒரே ஒரு எச்சரிக்கை. மோதிரம், காப்பு இருந்தால் கழற்றிவிடுங்கள். பேட்டரியின் இரண்டு ஒயர்களையும் ஒரே வெட்டில் வெட்டாதீர்கள். முதல் வருடம் நான் அப்படித்தான் வெட்டினேன். பட்டென்று வெளிச்சம், கத்தரிக்கோலின் விளிம்பில் எலி கடித்ததுபோல ஒரு பள்ளம். அந்தக் கத்தரி இன்னும் வீட்டில் இருக்கிறது, என் மனைவி யார் வந்தாலும் எடுத்துக் காட்டுகிறாள். ஒரு ஒயரை வெட்டி, பற்றவைத்து, மூடிய பிறகுதான் அடுத்த ஒயர்.

ஓடி முடித்ததும் கனெக்டர் சுடுகிறது

கார் நின்ற அரை நிமிடத்துக்குள் விரலால் தொட்டுப் பாருங்கள். சூடு எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். ஒயரின் நீளம் முழுவதும் ஒரே சீராகச் சூடாக இருந்தால் ஒயர் மெல்லியது. கனெக்டர் மேல் பழியில்லை. கனெக்டரின் வாய், அதாவது இரண்டு பாதியும் சேரும் இடம் சுட்டால், உள்ளே பிடிப்பு தளர்ந்திருக்கிறது அல்லது அழுக்கு இருக்கிறது. ஒயர் கனெக்டருக்குள் நுழையும் பின்பக்கம் சுட்டால் ஈயப்பற்று சரியில்லை.

இன்னொரு குறிப்பும் உண்டு. பிளஸ் பக்கம் மட்டும் சுட்டு மைனஸ் பக்கம் குளிர்ந்திருந்தால், கனெக்டரின் அளவில் குறையில்லை. இரண்டிலும் ஓடுவது ஒரே மின்னோட்டம்தானே. அந்த ஒரு பற்றை மட்டும் அவிழ்த்து மறுபடி வையுங்கள். இரண்டு பக்கமும் சமமாகச் சுட்டால்தான் அடுத்த அளவுக் கனெக்டருக்குப் போக வேண்டும்.

ஏன் சுடுகிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். மின்னோட்டத்தை அதனாலேயே பெருக்கி, தடையால் பெருக்கினால் வெப்பம். மோசமான இணைப்பில் 10 மில்லி ஓம் தடை இருக்கிறது, 40 ஆம்பியர் ஓடுகிறது என்றால் 16 வாட். வீட்டில் இருக்கும் 25 வாட் சால்டரிங் அயன் எப்படிச் சுடும் என்று தெரியும். அதில் பாதிக்கு மேற்பட்ட சூடு ஒரு விரல்நுனி அளவு இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

உங்கள் கார் எவ்வளவு இழுக்கிறது என்று தெரிந்துகொள்ள விலையுயர்ந்த மீட்டர் வேண்டாம். 5000 மில்லி ஆம்பியர்-மணிப் பேட்டரி 20 நிமிடத்தில் தீர்ந்தால், சராசரி 15 ஆம்பியர். ஆனால் நின்ற இடத்திலிருந்து சீறிக் கிளம்பும் நொடியில் அது பல மடங்கு ஏறும். அந்த உச்சத்தைத் தாங்குவதற்குத்தான் கனெக்டர் தேர்வு.

என் கணக்கு இது. நிஜக் காரில் 16-ல் ஒரு பங்கு, 18-ல் ஒரு பங்கு அளவுச் சின்னக் கார்களுக்கு 2 மில்லிமீட்டர் ஊசி கொண்ட எக்ஸ்டி30 போதும். 10-ல் ஒரு பங்கு அளவுக் கார், 2எஸ் லிப்போ, அதாவது இரண்டு செல் கொண்ட லித்தியம் பாலிமர் பேட்டரி என்றால் 3.5 மில்லிமீட்டர் ஊசியுள்ள எக்ஸ்டி60. அல்லது அதே ஊசி அளவுள்ள நீல நிற ஈசி3. அல்லது டி வடிவ டீன்ஸ். 3எஸ், 4எஸ் போட்டு ஓடும் கனமான கார், 8-ல் ஒரு பங்கு அளவு என்றால் 4.5 மில்லிமீட்டர் ஊசியுள்ள எக்ஸ்டி90 அல்லது 5 மில்லிமீட்டர் ஈசி5. பெயரில் உள்ள 60, 90 ஆகிய எண்கள் கொஞ்ச நேரம் தாங்கும் உச்சத்தைச் சொல்பவை. தொடர்ந்து ஓடுவதற்கு அதில் பாதி என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது.

சூட்டை விரலால் கணிப்பதில் நம்பிக்கை இல்லாதவர்கள் இதைச் செய்யலாம். பேட்டரியை 5 ஆம்பியரில் சார்ஜ் போடுங்கள். மல்டிமீட்டரை 200 மில்லிவோல்ட் அளவில் வைத்து, பிளஸ் ஒயரின் இரு பக்கத்து ஈயப்பற்றுகளிலும், கனெக்டருக்கு முன்னும் பின்னும், மீட்டரின் ஊசிகளால் தொடுங்கள். 5 மில்லிவோல்ட் காட்டினால் தடை 1 மில்லி ஓம். அதற்குக் கீழே இருந்தால் நல்ல இணைப்பு. 30, 40 என்று ஏறினால் பழுது அங்கேதான். பிறகு மைனஸ் பக்கமும் பாருங்கள். சார்ஜர் ஒயரில் இருக்கும் கனெக்டர் பாதியும் இந்த அளவில் சேர்ந்தே வரும். எண் பெரிதாக இருந்தால் வேறு சார்ஜ் ஒயரில் மாட்டி இன்னொரு முறை அளந்துவிட்டுப் பேட்டரிப் பக்கத்தைக் குற்றம் சொல்லுங்கள்.

வெள்ளைப் பிளக் பழுப்பாகிவிட்டது

மாற்றுங்கள். வேறு வைத்தியம் இல்லை. டாமியா பிளக் எனப்படும் இந்த வெள்ளை நைலான் கனெக்டர், 1.2 வோல்ட் செல்கள் ஆறு சேர்ந்த 7.2 வோல்ட் பேட்டரியும் சாதாரண பிரஷ் மோட்டாரும் இருந்த காலத்துப் பொருள். உள்ளே ஒயரை நெரித்துப் பிடிக்கும் மெல்லிய தகடுதான் இருக்கிறது. அதிக மின்சாரம் இழுக்கும் பிரஷ்லெஸ் மோட்டாரைப் போட்டுவிட்டு இதை வைத்திருப்பது, யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்ப்பது. குழந்தைகள் ஓட்டும் பழைய காரில், கையில் சூடு தெரியாத வரை இருந்துவிட்டுப் போகட்டும்.

முழு வேகம் கொடுத்தால் துள்ளித் துள்ளி நிற்கிறது

மெதுவாகப் போனால் ஒழுங்காகப் போகிறது, விசையை முழுக்க இழுத்தால் வெட்டி வெட்டி ஓடுகிறது. ஈ.எஸ்.சி. என்னும் வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி, ஒரு செல்லுக்கு 3.2 வோல்ட் என்று வைத்திருந்தால், 2எஸ் பேட்டரி 6.4 வோல்ட்டுக்கு இறங்கியதும் ‘பேட்டரி தீர்ந்தது’ என்று முடிவு செய்து மோட்டாரை நிறுத்தும். பேட்டரி 7 வோல்ட் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே, 10 மில்லி ஓம் கனெக்டரில் 60 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 0.6 வோல்ட் போய்விடும். பெட்டி பார்ப்பது 6.4. பேட்டரி பாவம், அதன் மேல் பழி.

எதிர் வீட்டுப் பையனுக்கு இப்படித்தான் ஆனது. இரண்டு பேட்டரி மாற்றிவிட்டான். என்னிடம் வந்தபோது, “வண்டி மூச்சு வாங்குகிறது அண்ணா” என்றான். நண்பனின் காரில் அவனுடைய பேட்டரியைப் போட்டோம், பறந்தது. நண்பனின் பேட்டரியை அவன் காரில் போட்டோம். அதே மூச்சு வாங்கல். கோளாறு பேட்டரியில் இல்லை, கார்ப் பக்கத்தில் என்று அந்த இடமாற்றமே சொல்லிவிட்டது. அங்கே முதலில் பார்க்க வேண்டியது கனெக்டர். இந்தச் சோதனைக்கு மல்டிமீட்டரும் வேண்டாம், ஒரு நண்பன் இருந்தால் போதும்.

மேடு பள்ளத்தில் மட்டும் நின்று நின்று ஓடினால் வேறு கதை. அது தளர்ந்த பிடிப்பு அல்லது உடைந்த பற்று. காரைத் தூக்கிப் பிடித்து, சக்கரம் மெதுவாகச் சுற்றும்போது கனெக்டர் அருகே ஒயரை லேசாக ஆட்டுங்கள். சக்கரம் தடுமாறினால் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

அடாப்டர் போட்ட நாளிலிருந்து மந்தம்

காரில் ஒரு வகை, பேட்டரியில் ஒரு வகை, நடுவில் ஒரு அடாப்டர். ஒவ்வொரு ஒயரிலும் இரண்டு ஈயப்பற்று, ஒரு சொருகல் கூடுதலாகச் சேர்கிறது. சார்ஜ் போட அடாப்டர் வைத்துக்கொள்ளுங்கள், அதில் தவறில்லை. காரில் வேண்டாம். வீட்டிலிருக்கும் எல்லாப் பேட்டரிக்கும் ஒரே வகை என்று தீர்மானித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மாற்றிவிடுவதே நிம்மதி. எந்த வகை என்பதில் பெரிய சண்டை வேண்டாம். கூட ஓட்டுபவர்கள் எதை வைத்திருக்கிறார்களோ அதையே வைத்தால் அவசரத்துக்குப் பேட்டரி கடன் வாங்கலாம். நான் எக்ஸ்டி60 பக்கம் போனதற்கு அதுதான் காரணம். டீன்ஸ் மின்சாரத்தில் குறைந்ததல்ல, ஆனால் வேர்த்த கையோடு அதைப் பிடித்துக் கழற்றிப் பாருங்கள்.

சொருகும்போது பொறி தெறிக்கிறது

ஈ.எஸ்.சி.யின் வாயிலில் மின்தேக்கிகள் இருக்கின்றன. காலியாக இருக்கும் அவை சொருகிய கணத்தில் நிரம்ப, ஒரே மூச்சில் மின்சாரத்தை உறிஞ்சுகின்றன. கார்ச் சுவிட்சை அணைத்து வைத்தாலும் பொறி வருவது இதனால்தான். பெரும்பாலும் சுவிட்சுக்கு முன்னாலேயே அவை இருக்கின்றன. சேரும் ஆற்றல் வோல்ட்டின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். ஆகவே 2எஸ் பேட்டரியில் ‘டிக்’ என்று நின்றுவிடும் பொறி, 4எஸ் பேட்டரியில் நான்கு மடங்கு.

2எஸ் என்றால் பொருட்படுத்த வேண்டாம். தயங்கித் தயங்கிச் சொருகாமல் ஒரே அழுத்தாக அழுத்துங்கள். 4எஸ், 6எஸ் ஓட்டுபவர்கள் ஊசி நுனியைப் பாருங்கள். கருத்துக் குழி விழுந்திருந்தால் எக்ஸ்டி90எஸ் வாங்குங்கள். வாயில் பச்சை வளையம் இருக்கும். முதல் தொடுதலில் உள்ளேயிருக்கும் சிறு தடை வழியாக மின்தேக்கி நிரம்பும், முழுதாகச் சொருகிய பிறகே நேரடி இணைப்பு.

பொறியோடு கருகிய வாடை, ஒயர் சூடு, அல்லது எப்போதும் இல்லாத பெரிய சத்தம் வந்தால் உடனே பிடுங்குங்கள். பிளஸ் மைனஸ் மாறியிருக்கலாம். சிவப்பு ஒயர் என்பதை மட்டும் நம்பாதீர்கள். புதிதாகப் பற்றவைத்த எதையும் மீட்டரில் பார்க்காமல் சொருகாதீர்கள். கனெக்டரின் உடலிலேயே கூட்டல், கழித்தல் குறிகள் அச்சாகியிருக்கும். அதே போல, உலோகம் வெளியே தெரியாத பாதிதான் எப்போதும் பேட்டரிப் பக்கம் இருக்க வேண்டும். ஊசி நீட்டிக்கொண்டிருக்கும் பாதியைப் பேட்டரியில் வைத்துப் பைக்குள் சாவியோடு போட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஊசியில் பச்சைக் களிம்பு

இது நம் பகுதிக்கே உரிய நோய். காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர், எண்ணூர் வரை கடற்காற்று வீட்டுக்குள் வந்து கதவுக் கீல் வரை தின்கிறது, ஆர்.சி. கனெக்டர் எம்மாத்திரம்? கடற்கரை மணலில் ஒரு மாலை ஓட்டிவிட்டு அப்படியே பரணில் போட்டால், அடுத்த முறை எடுக்கும்போது ஊசியின் அடியில் பச்சை பூத்திருக்கும்.

மேலே பூத்திருப்பதை எடுப்பது எளிது. பழைய பல் தேய்க்கும் தூரிகையில் ஐசோபுரோபில் ஆல்கஹால் தொட்டுத் தேய்த்து, நன்றாக உலர விடுங்கள். உப்புத்தாள் போட வேண்டாம். தங்க முலாம் காகிதத்தை விட மெல்லியது. அதைச் சுரண்டிவிட்டால் அடியிலிருக்கும் பித்தளை இன்னும் வேகமாகக் களிம்பேறும். மலிவான கனெக்டர்களில் முலாம் பெயருக்குத்தான் இருக்கும். ஒரு முறை மஞ்சள் நிறம் பார்த்து மயங்கி ஒரு கடையில் பத்து ஜோடி வாங்கினேன். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் பத்தும் பச்சை.

கண்ணுக்குத் தெரியாமல் ஒயருக்குள் போன களிம்புதான் நிஜமான தொல்லை. இதை எனக்குக் காட்டியவர் காசிமேட்டில் விசைப்படகுகளுக்கு ஒயரிங் செய்யும் ஒரு பெரியவர். என் பேட்டரி ஒயரை வாங்கி, உறையை இரண்டு விரல் அளவுக்கு உரித்தார். செம்பு இழைகள் கரி போலக் கருத்திருந்தன. “இதில் ஈயம் ஒட்டாது தம்பி, ஒட்டினாலும் நிற்காது” என்றார். பளபளக்கும் செம்பு தெரியும் வரை வெட்டிக்கொண்டே போனார். நான்கு அங்குலம் போய்விட்டது. படகுகளுக்கு வெள்ளீயம் பூசிய செம்பு இழைகள் கொண்ட ஒயர் போடுவது இதற்காகத்தான். ஆர்.சி.க்கான சிலிக்கான் ஒயரிலும் இழைகள் வெள்ளி நிறமாக இருக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். செம்பு நிறத்திலேயே இருப்பது நம் காற்றுக்குச் சீக்கிரம் கருக்கும்.

அவர் சொன்ன இன்னொன்றை மட்டும் நான் கேட்கவில்லை. படகு பேட்டரி முனைகளில் பூசுவதுபோலப் பெட்ரோலியம் ஜெல்லி பூசச் சொன்னார். படகில் மணல் பறக்காது. காரில் கனெக்டரின் வாயில் பூசினால் அடுத்த வளைவில் அது உப்புத்தாளாகிவிடும். பின்பக்கம், ஒயர் நுழையும் இடத்தில், சூடு பட்டால் சுருங்கி இணைப்பை மூடும் சுருங்கு குழாய் மாட்டும் முன் ஒரு பொட்டு வைப்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். காலணிப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்துவைத்து, மூடி இறுகும் டப்பாவில் காருக்கான கனெக்டர்களைப் போட்டு வைப்பதும் பலன் தருகிறது.

ஈயம் ஒட்டவில்லை, இழுத்தால் கையோடு வருகிறது

பற்று சாம்பல் நிறமாக, உருண்டையாக, மேலே உட்கார்ந்ததுபோல இருந்தால் அது சூடு போதாத பற்று. நல்ல பற்று பளபளப்பாக, ஒயர் இழைகளுக்குள் இறங்கி, கனெக்டர் ஊசியின் பின்னால் ஒயர் நுழையும் கிண்ணத்தின் ஓரம் வரை சரிந்திருக்கும். 60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு ஈயமும் கலந்த சாதாரண 60/40 ஈயம் 190 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும், ஆனால் தடித்த ஒயரும் பித்தளைக் கிண்ணமும் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ரேடியோ பழுது பார்க்கும் 25 வாட் அயனால் இதை வெல்ல முடியாது. 60 வாட்டுக்குக் குறையாமல், அகல நுனியோடு இருக்க வேண்டும். பக்கத்துத் தெருவில் மோட்டாருக்குக் காயில் சுற்றும் மாமாவிடம் ஒரு 100 வாட் அயன் இருக்கிறது. எக்ஸ்டி90 வேலை என்றால் தேநீர் வாங்கிக்கொண்டு அங்கே போய்விடுவேன்.

மின்விசிறியை அணையுங்கள். நம் ஊர் வெயிலில் இது தண்டனைதான், ஆனால் தலைக்கு மேல் விசிறி சுற்றினால் ஈயம் கிண்ணத்தில் இறங்கும் முன்பே உறைகிறது. என்னிடம் வந்த பாதிப் பற்றுகளின் நோய் இதுதான்.

வரிசை இது. சுருங்கு குழாயை முதலில் ஒயரில் ஏற்றுங்கள். பற்றவைத்த பிறகுதான் பலருக்கு அது நினைவுக்கு வரும். ஒயர் நுனிக்கு ஈயம் ஊட்டுங்கள். கிண்ணத்தைப் பாதி நிரப்புங்கள். கனெக்டரின் மறுபாதியைச் சொருகி வைத்துவிட்டு வேலை செய்யுங்கள். நைலான் இளகினாலும் ஊசி சாயாது. மூன்று நான்கு விநாடிகளில் முடியவில்லை என்றால் எடுத்து ஆற விட்டு மறுபடி முயலுங்கள். குழாய் இணைப்புக்குப் பயன்படும் அமிலப் பேஸ்ட் வேண்டவே வேண்டாம், அது பிறகு உள்ளேயிருந்தே அரிக்கும். உள்ளே ரோசின் என்னும் பிசின் உள்ள ஈயக் கம்பி போதும்.

இரண்டு விநாடியில் உடல் இளகி ஊசி சாய்ந்தால், கையில் இருப்பது போலி. எக்ஸ்டி வகையை உருவாக்கிய அமாஸ் நிறுவனத்தின் பெயர் அசல் பொருளின் உடலில் அச்சாகியிருக்கும். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு நடக்கும் தூரம்தான். அங்கே கடைக்காரரிடம் ஒரே ஒரு ஜோடி வாங்கி, வீட்டில் சுட்டுப் பார்த்த பிறகு பத்து வாங்குங்கள். அந்தப் பத்து ஜோடிப் பாடம் எனக்கு ஒருமுறை போதும்.

லொட லொட, அல்லது கழற்றவே முடியவில்லை

எக்ஸ்டி60 ஊசி நான்காகப் பிளந்திருக்கும். மெல்லிய கத்தி நுனியைப் பிளவில் வைத்து மயிரிழை அளவு விரித்தால் பிடிப்பு திரும்பும். ஒரு முறை செய்யலாம், இரண்டாம் முறை முறியும். புதுக் கனெக்டர் இறுகியிருந்தால் ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள், உடலைப் பிடித்து மேலும் கீழுமாக அசைத்துக் கழற்றுங்கள். பத்து இருபது முறை போனபின் தானாக இலகுவாகும்.

சார்ஜர் பேட்டரியை ஏற்க மறுக்கிறது

பெரிய கனெக்டரை விட்டுவிட்டுப் ஒவ்வொரு செல்லையும் சார்ஜர் தனித்தனியாகப் பார்க்க உதவும் பேலன்ஸ் ஒயரின் சின்ன வெள்ளை முனையைப் பாருங்கள். 2எஸ் என்றால் மூன்று ஒயர், 3எஸ் என்றால் நான்கு. செல்லை விட ஒன்று கூடுதல். ஓரத்து ஒயரைப் பிடித்து இழுத்து இழுத்துத் தகடு பின்னுக்குப் போயிருக்கும். மல்டிமீட்டரில் அடுத்தடுத்த இரண்டு முனைகளைத் தொட்டால் ஒவ்வொரு செல்லும் தனித்தனியாகத் தெரியும். முழு சார்ஜில் 4.2 வோல்ட், ஓட்டாமல் சேமித்து வைக்கும் நிலையில் 3.8 அளவில். ஒரு ஜோடியில் சுழியம் காட்டினால் ஒயர் விட்டிருக்கிறது. தகட்டைச் சிறு ஊசியால் முன்னுக்குத் தள்ளினால் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். 3 வோல்ட்டுக்கு மிகவும் கீழே காட்டினால், அல்லது பேட்டரி உப்பியிருந்தால், கனெக்டர் மாற்றி எந்தப் பயனும் இல்லை. சார்ஜரை ஏமாற்றி ஏற்ற முயலாமல், அதை மொட்டைமாடியில் மணல் நிரப்பிய வாளிக்குள் வைத்துவிடுங்கள்.